மித்சுயோ அடிக்காத மணி

நிஷிவாகி வீட்டுக்கு வாரம் இரண்டு முறை போவேன். அந்த வீட்டுக் கிழவி தோமெயைக் குளிப்பாட்டுவது என் வேலை. அப்போது எனக்கே எழுபதாகிவிட்டது. எங்கள் ஊர் கோரியாமாவில் இப்போது அப்படித்தான். கிழவிகளைக் கொஞ்சம் இளைய கிழவிகள் பார்த்துக்கொள்கிறோம்.

அது தங்கமீன் வளர்த்த வீடு. தோமெயின் மூத்த மகன் யாசுஹிகோ இறந்து ஆறு வருடமாகியிருந்தது. குளங்களில் பாதியைத் தூர்த்துச் சூரியத் தகடுகள் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இரண்டே பேர், தோமெயும் மருமகள் மித்சுயோவும். தோமெக்குத் தொண்ணூறு நெருங்கியிருந்தது, நினைவு தப்பிக்கொண்டிருந்தது. மித்சுயோவுக்கு அறுபத்துச் சொச்சம், அவள் எதையும் மறக்கிறவள் அல்ல.

ஒருநாள் தோமெயின் முன்கையில் நான்கு விரல் தடங்களைப் பார்த்தேன், நீலமாக. குளித்துத் துவட்டிப் படுக்க வைத்தபின் சமையலறைக்குப் போய் மித்சுயோவிடம் நேராகவே சொன்னேன்.

"இதை நான் எழுதிக் குடுத்தாகணும், மித்சுயோ-சான். எழுதினா ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாங்க."

அவள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, இசோனோ-சான். மறந்தது திரும்ப வர்றதுக்கு மருந்து இருக்கா? ஒரு மணி நேரம் வந்தாப் போதும்."

"எதுக்கு ஒரு மணி நேரம்?"

"பழி வாங்கறதுக்கு" என்றாள், உப்பு எவ்வளவு என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வது போல.

அன்றுதான் முழுக்கதையும் கேட்டேன். கல்யாணமாகிச் சில வருடங்களில், கோடை தொடக்கத்தில், மீன்குஞ்சுகளைத் தரம் பிரிக்கும் வேலை உச்சத்தில் இருந்தபோது, ஓவாசேயில் இருந்த அவளுடைய அம்மா சாகக் கிடந்தாள். மதியம் பிறந்த வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. உடனே கிளம்பினால் முகம் பார்க்கலாம் என்று செய்தி. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் மாலை, ஓசாகா வியாபாரியின் வண்டி மீன் ஏற்றிக்கொண்டு போனபின்தான் கணவன் வந்து, செய்தி நேற்றே வந்துவிட்டதாகவும் வேலை முடியட்டும் என்று தன் அம்மா தோமெ சொல்லிவிட்டதாகவும் சொன்னான். மித்சுயோ போய்ச் சேர்ந்தபோது பெட்டி மூடியாகிவிட்டது. பெற்றவளின் உதட்டைக் கடைசித் தண்ணீரால் நனைத்தது பக்கத்து வீட்டுக்காரியின் கை.

"மாமியார் ஹால்ல நிக்கிறாங்க. சாம்பல் கலர் மேலங்கி. ரிசீவரக் காதுல வச்சு, ம், ம், சரின்னு சொல்றாங்க. வச்சுட்டு ஜன்னல் வழியா என்னைப் பாக்கறாங்க. நான் குளத்தங்கரையில குனிஞ்சு உக்காந்திருக்கேன். ஒரு நிமிஷம் பாத்துட்டு உள்ள போயிடறாங்க."

முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் படத்தைத் தினமும் பார்த்திருக்கிறாள். ரிசீவர் வைக்கும் சத்தம் வரை சொன்னாள். குளத்தங்கரையில் இருந்தவளுக்கு அது எப்படிக் கேட்டது என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை. சொன்னவள் அவ்வளவு உறுதியாகச் சொன்னாள்.

அவள் திட்டம் எளிமையானது. கணவனை இழந்தவள் புகுந்த வீட்டு உறவை அறுத்துக்கொள்ள எங்கள் சட்டம் இடம் தருகிறது. நகராட்சியில் ஒரு கையெழுத்து போதும், யார் சம்மதமும் வேண்டாம். அறுத்துவிட்டுக் கிழவி எதிரே உட்கார்ந்து, நீ சாகும்போது உன் உதட்டை நனைக்கவும் ஆள் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆனால் கேட்கிறவளுக்குப் புரிய வேண்டுமே. மனம் தெளிவாக இருக்கிற காலை வேளை பார்த்து மூன்று நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"அடப் பாவமே, எந்த மகராசி அப்படிப் பண்ணினா உனக்குன்னு அழுதாங்க. சட்டைக்குள்ளேர்ந்து ஒரு மிட்டாய் எடுத்து என் கையில வச்சு, அழாத தங்கச்சின்னாங்க." முள்ளங்கியைச் சட்டியில் தள்ளினாள். "அன்னிக்குத்தான் கையப் பிடிச்சு உலுக்கினேன். அந்தத் தடம்தான் நீங்க பாத்தது."

எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. இந்த வேலையில் கைத்தடம் பார்ப்பது புதிதல்ல. மன்னித்துவிடு என்று சொல்லும் வழக்கமும் எனக்கில்லை. செய்தவள் மறந்துவிட்டால் பட்டவள் எங்கே போவாள்? ஆனால் கிழவியின் தோல் காகிதம் மாதிரி, அடுத்தமுறை கிழியும். அதனால் பேரம் பேசினேன். தோமெயை ஒரு வாரம் முதியோர் விடுதியில் விடுவோம், அந்த வாரம் நீங்கள் ஊர்க்கோடியில் சவாதா-சான் நடத்தும் வீட்டில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், நானும் தடத்தைப் பற்றி எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுகிறேன் என்றேன். தூக்கமாவது வருமே என்பதுதான் என் எண்ணம்.

சவாதா பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே நடப்பது நைக்கான் என்கிற உள்நோக்கு இருப்பு, எங்கள் பகுதியில் பிறந்த வைத்தியம். அறை மூலையில் மடிப்புத் திரை ஒன்றை நிறுத்தி, அதற்குள் காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார வேண்டும். சாப்பாடும் அங்கேயே வரும். இடையிடையே அவர் வந்து திரையை விலக்கி, தரையில் நெற்றி படக் குனிந்து கேட்பார். முதலில் அம்மாவைப் பற்றி, அப்புறம் மற்றவர்களைப் பற்றி, வருடம் வருடமாக. இவரிடமிருந்து என்ன பெற்றாய், இவருக்கு என்ன திருப்பிக் கொடுத்தாய், இவருக்கு என்ன தொல்லை தந்தாய். அவ்வளவுதான். அவர் உனக்கு என்ன தொல்லை தந்தார் என்ற கேள்வி கிடையாது. அது எல்லோருக்கும் கேட்காமலே மனப்பாடம் என்பது அவர்கள் எண்ணம்.

மித்சுயோ அந்த நான்காவது கேள்விக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். அம்மாவைப் பற்றி ஒழுங்காகச் சொன்னாள். மாமியார் முறை வந்ததும், கல்யாணமான வருடம், பெற்றது ஒன்றுமில்லை என்றாள். சவாதா குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்த முறையும் ஒன்றுமில்லை, அவரும் குனிந்தார். திட்டினால் திருப்பித் திட்டலாம், குனிகிறவரை என்ன செய்வது என்று பின்னால் என்னிடம் எரிச்சலோடு சொன்னாள். திரைக்குள் வேறு வேலையும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு ஜோடி ரப்பர் காலணி நினைவு வந்தது, புதுசு, மாமியார் வாங்கி வைத்தது. அதைச் சொன்னாள். பிறகு இன்னொன்று. இப்படியே அம்மா இறந்த வருடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

தரம் பிரிப்பது எப்படியென்று தெரிந்தால்தான் இது புரியும். வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு குஞ்சுகளை மொண்டு வைத்துக்கொண்டு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, வால் கோணினதைச் சின்னக் கரண்டியால் எடுத்து எறிய வேண்டும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எழுந்திருக்க முடியாது. தாமதித்தால் குஞ்சுகள் நெருக்கியடித்துச் சாகும்.

"அந்த வருஷம் மாமியார்கிட்டேர்ந்து என்ன வாங்கிக்கிட்டீங்க?" என்று சவாதா கேட்டார்.

"பாதிச் சோத்து உருண்டை" என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய பொட்டலத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். தோமெ தன் உருண்டையை இடது கையால் பிட்டுப் பாதியை நீட்டினாள். ஏன் இடது கை? வலது கை துண்டால் சுற்றியிருந்தது. காலையில் தட்டின் உடைந்த விளிம்பு கட்டைவிரலடியைக் கிழித்துவிட்டது, மித்சுயோதான் தன் துண்டால் கட்டினாள். வீட்டுக்குப் போகச் சொல்லியும் தோமெ போகவில்லை. அந்தத் துண்டு, மறுநாள் அவசரத்தில் மூட்டையில் போட்டு ஓவாசேக்குக் கொண்டுபோன துண்டு. அங்கே முகம் துடைக்க எடுத்தபோது அக்கா, இது யார் ரத்தம் என்று கேட்டாள்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். அப்படியானால் தொலைபேசி வந்த அந்த மதியம் தோமெ குளத்தங்கரையில் அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஹாலில் நின்றது யார்?

"இது நடந்ததா, நீங்க நெனைக்கிறதா?" என்று மட்டும் சவாதா கேட்டார். அவர் குனிந்துவிட்டுப் போனார்.

வாரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே ஓவாசேயில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு நீ ஃபோன் செய்தபோது யார் எடுத்தது என்று கேட்டாள். அக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"உன் புருஷன்தான். இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ஃபோன் பக்கத்துலயே படுத்திருக்கேன், இதோ சொல்லிடறேன்னார். நல்ல மரியாதையாப் பேசினார்."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. மாமியார்தான் மறைச்சாங்கன்னு வந்து நின்ன. அவர் அம்மாகிட்ட சொல்லி, அவங்க மறைச்சிருப்பாங்கன்னு நாங்க நெனைச்சோம்."

ஒரு தொலைபேசிக் கேள்விதான். முப்பது வருடமாக அது அவளுக்குத் தேவைப்படவில்லை. படம் கையில் இருக்கிறவள் எதற்கு விசாரிப்பாள்?

தோமெ விடுதியிலிருந்து திரும்பிய அன்று குளிப்பாட்ட மித்சுயோவும் என்கூட உள்ளே வந்தாள். இதற்குமுன் வந்ததே இல்லை. தொட்டியில் இறக்கினால் தோமெயின் கைகள் சும்மா இருக்காது. வெந்நீருக்குள் குஞ்சு பொறுக்கிக்கொண்டிருப்பாள். நான் பார்ப்பது குளியல் தொட்டி, அவள் பார்ப்பது வெள்ளைத் தட்டு. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதுதான். அவர் இருக்கும் இடத்துக்கு நீ போ, உன் இடத்துக்கு அவரை இழுக்காதே. மித்சுயோ தொட்டிக்கு எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து தானும் தண்ணீரில் கை விட்டாள். கிழவியின் வலது கட்டைவிரலடியில் வெளுத்த தழும்பு இருந்தது. அத்தனை குளியலிலும் அதன்மேல் சோப்புப் போட்டிருக்கிறேன்.

"இந்த வருஷம் வால் கோணினது ஜாஸ்தி" என்றாள் தோமெ.

"ஆமா. அந்த வீட்டு மருமகளுக்கு அம்மா செத்துட்டாங்களாமே. சேதிய யாரு மறைச்சது?" என்றாள் மித்சுயோ.

தோமெ கையை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதடி. எம் பையன்தான். வியாபாரி கத்துவான்னு பயந்துட்டான். மறுநா சாயங்காலந்தான் எங்கிட்டயே சொன்னான், அம்மா நீ சொன்னதா சொல்லிட்டேன்னு. போடா எருமைன்னேன். அப்புறம் வாய மூடிக்கிட்டேன்."

"எதுக்கு மூடிக்கிட்டீங்க?"

"மாமியாரத் திட்டிக்கிட்டே ஒருத்தி காலம் தள்ளிடுவா. புருஷன் மூஞ்சிய வெறுத்துட்டா எப்படித் தள்ளுவா? பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் யாரு குஞ்சு பொறுக்கறது?" அவள் நல்லெண்ணம் அந்த அளவுதான். அதைக் கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வெளியே வந்ததும் நான் மித்சுயோவுக்கு ஒரு எச்சரிக்கை சொன்னேன். நினைவு தப்பியவர் பேச்சைச் சாட்சியாக எடுக்கக் கூடாது, கேட்கிறவர் எதை விரும்புகிறாரோ அதையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்றேன். திரைக்குள் வந்த நினைவும் மனமே சேர்த்துத் தைத்ததாக இருக்கலாம், பழைய படத்தைப் போல என்றும் சொன்னேன்.

"தெரியும். ஆனா அக்காவுக்கு மனசு தப்பல. இந்தத் தழும்பும் நான் தைச்சதில்ல."

"சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"சவாதா-சான்கிட்ட கடைசி நாள் யாசுஹிகோவப் பத்தியும் உக்காந்தேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். நான் புருஷனுக்குத் திருப்பிக் குடுத்தது என்னன்னு பாத்தா, தினமும் காலையில மாடத்துல வச்ச முதல் சோறு. ஆறு வருஷம், ஒரு நாள் விடல." கூடத்தில் இருந்த முன்னோர் மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கறுப்புப் பூச்சு மரம், உள்ளே யாசுஹிகோவின் படமும், இறந்தபின் எழுதி வைத்த பெயர்ப்பலகையும், முன்னால் பித்தளை மணி. "நன்றியோட வெளிய வருவாங்கன்னு சவாதா-சான் சொன்னாரு. எனக்கு வந்துச்சு. யாருக்குன்னுதான் மாறிப்போச்சு."

எழுந்து போய் மாடத்தின் இரண்டு கதவுகளையும் சாத்தினாள். மணியை எடுத்து வந்து சமையலறை அலமாரியில், சோயா புட்டிக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாளிலிருந்து பானையின் முதல் சோறு தோமெக்குப் போயிற்று. மித்சுயோ மாமியாரைக் கொஞ்சத் தொடங்கவில்லை. அப்படி நினைக்க வேண்டாம். ஈரத்துணியை இன்னும் சுளீரென்றுதான் இழுப்பாள். ஆனால் கையில் தடம் அதற்குப் பிறகு வரவில்லை, நகராட்சிக்கும் அவள் போகவில்லை. உறவை அறுத்தால் அந்த வீட்டில் இருக்க முடியாது, அவளுக்கு அங்கே வேலை இருந்தது. சவாதாவைக் கடையில் பார்த்தபோது அவருக்கு எவ்வளவு சொல்வது என்று தெரியாமல், நன்றாகத் தூங்குகிறாள் என்றேன். அது பொய்யில்லை. கோபம் போய்விடுமா என்று இன்றும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் பார்த்த ஒரே ஒருத்திக்குப் போகவில்லை, தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டது. அதனால் ஒரு கிழவியின் தோல் தப்பியது. எனக்கு அது போதும்.

அடுத்த குளிர்காலம் தோமெ படுத்துவிட்டாள். சாப்பாடு நின்றதும், இது கடைசி, வரவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றேன். மித்சுயோ உடனே தொலைபேசியை எடுத்துச் சின்ன மகன் தெருவோவை அழைத்தாள். ஒரு மணி நேரம்கூடத் தள்ளவில்லை. அவன் நாகோயாவிலிருந்து வந்து அம்மாவின் முகம் பார்த்தான். விடியும் நேரத்தில் மூச்சு அடங்கியது. பஞ்சைத் தண்ணீரில் தொட்டுத் தோமெயின் உதட்டை நனைத்தது மித்சுயோவின் கை. அப்போது அவள் முகத்தில் சாந்தம் எதுவும் இல்லை. நெடுநாள் தள்ளிப்போன வேலையைச் சரியாக முடிக்கிறவள் முகம் அது.

எங்கள் வீடுகளில் எது நடந்தாலும் மாடத்தின் முன் மணியடித்து, ஊதுபத்தி ஏற்றி, இறந்தவர்களுக்குச் சொல்வோம். பேரனுக்கு வேலை கிடைத்தது, கூரை மாற்றினோம், இன்னார் காலமானார், எல்லாமே. தெருவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கூடத்துக்குப் போனான். மாடம் சாத்தியிருந்தது, கதவுப் பிடிகள் இரண்டையும் குளத்து வலைக் கயிற்றால் முடிந்திருந்தாள்.

"அண்ணி, மணி எங்க? அண்ணன்கிட்ட சொல்லணுமே, அம்மா போயிட்டாங்கன்னு."

"சொல்ல வேண்டாம்."

"என்ன அண்ணி இது. பெத்த அம்மா செத்திருக்காங்க, மகனுக்குச் சொல்லாம இருப்பாங்களா?"

"இருந்தாங்க. இந்த வீட்ல இருந்தாங்க" என்றாள் மித்சுயோ. அப்புறம் நின்ற இடத்திலேயே ஓவாசே, தொலைபேசி, வியாபாரி வண்டி எல்லாவற்றையும் ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். குரல் ஏறவில்லை. தெருவோ கயிற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையை எடுத்துக்கொண்டான்.

சடங்குகளை வெளியே மண்டபத்தில் வைத்தாள், பிக்குவின் ஓதல் சத்தம் கூடத்துக்குக் கேட்காதபடி. அம்மாவின் பெயர்ப்பலகையை மகனுடையதற்குப் பக்கத்தில் வைப்பதுதான் முறை என்று பிக்கு சொன்னார். "அங்க வச்சா அவர் பாத்துடுவாரு" என்றாள் மித்சுயோ. தோமெயின் பலகை இப்போது மீன் கொட்டகையில், வெள்ளைத் தட்டுகள் அடுக்கியிருக்கும் அலமாரிக்கு மேல்தட்டில் இருக்கிறது. முதல் சோறு அங்கேதான் போகிறது. தனக்குச் சாவு வந்தால் எலும்பை ஓவாசேயில் அம்மாவின் காலடியில் வைக்கும்படி அக்கா மகளிடம் சொல்லியாயிற்று. யாசுஹிகோவின் கல்லறையில் அவளுக்காக விட்ட இடம் காலியாகவே கிடக்கும்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போனபின் தெருவோ வாசலில் தயங்கி நின்றான்.

"எப்பதான் அண்ணனுக்குச் சொல்லுவீங்க, அண்ணி?"

"தரம் பிரிக்கிற வேலை முடியட்டும்."

கடைசிக் குளத்தையும் அந்த மாதம்தான் தூர்த்திருந்தார்கள். அந்த வீட்டில் பிரிக்க இனி ஒரு குஞ்சு கிடையாது.

நான் இப்போதும் எப்போதாவது தேநீர் குடிக்கப் போகிறேன். செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எத்தனையோ உடம்புகளைத் துடைத்துவிட்ட கை இது. ஆனாலும் கூடத்தைத் தாண்டிப் போகும்போது தோமெயைப் பற்றி ஏதாவது சொல்ல வந்தால், கயிறு கட்டிய அந்தக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.